நாரைகளுக்குத் திவசம்

சொங்போ
2006 பிப்ரவரி 11

தம்பி கிசொக்,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். திட்டுவதற்காகவாவது கடிதத்தைக் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். விடுதி துறைமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. சமையலறை பெரிது, ஆனால் காற்று நேராக அடுப்பில் வந்து மோதுகிறது. ஆட்டக்காரப் பையன்கள் முதல் நாளே கேட்டுவிட்டார்கள்: "சித்தி, இனிமே தினமும் மீன்தானா?" நான் சொன்னேன், "வாயை மூடிக்கிட்டு சாப்பிடுங்கடா, மீனாவது வாயை மூடிக்கிட்டு வந்திருக்கு."

உன் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. கம்பெனிக்காரர்கள் நாரைகள் கால்பந்து கிளப்பைச் சாங்னேயிலிருந்து பிடுங்கி, பஸ்ஸில் ஏற்றி, நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் மைதானத்து வாசலில் கிளப்புக்குச் சாவு எடுத்தீர்கள். சின்னத்துக்குக் கறுப்பு நாடா கட்டிப் படமாக வைத்தீர்கள். பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் எல்லாம் சணல் துணி உடுத்திக் கதறினீர்கள். அப்போது நீதான் என்னிடம் வந்து நின்றாய். "அக்கா, சாவு வீட்டுக்கு வர்றவங்களை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா?" என்றாய். அண்டா நிறைய மாட்டிறைச்சிக் காரக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். ஊரே அழுதுகொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டது.

மறுநாள் காலையில் அதே அண்டாவைக் கழுவி, கிளப் பஸ்ஸில் ஏற்றி, நானும் ஏறினேன். நீ சலவைக்கடை வாசலில் நின்றாய். கையை ஆட்டினேன். ஷட்டரை இழுத்துவிட்டாய்.

இந்தப் பையன்களின் விடுதியில் தொடக்கத்திலிருந்தே அடுப்பு என்னுடையது. புருஷன் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த அடுப்பும் நீயும்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பஸ் வந்தது, அவ்வளவுதான்.

சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் அம்மாவின் திவசம் வருகிறது. விடுப்பு கேட்டு வைத்திருக்கிறேன். வரட்டுமா?

அக்கா பில்நாம்

*

சாங்னே
2006 மார்ச் 2

திருமதி மா பில்நாம் அவர்களுக்கு,

வர வேண்டாம்.

ஊருக்கே சாவுச் சோறு ஆக்கிப் போட்டுவிட்டு, மறுநாள் பிணத்தோடு பஸ் ஏறிப் போன ஒரே ஆள் இந்த நாட்டிலேயே நீங்களாகத்தான் இருப்பீர்கள். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். "முரசு அடிச்சு அழுதவன் இவன், மூட்டை கட்டிப் போனவ இவன் அக்கா." சட்டைக்குக் கஞ்சி போடவா வேண்டாமா என்று கேட்டுப் பேச்சை மாற்றுகிறேன்.

சனிக்கிழமை மூன்று மணி ஆனால் கால் தானாக மைதானத்துக்குப் போகிறது. போய்ப் பார்த்தால் எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். வாசல் பூட்டியிருக்கிறது. கம்பி இடுக்கு வழியாகப் புல்லைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு, ஆட்டம் முடிகிற நேரத்துக்கு, வீட்டுக்குப் போகிறோம். இங்கே யாரும் கிளப்பின் பெயரைச் சொல்வதில்லை. "போனது" என்போம்.

அம்மா வீட்டுக் கதவு உங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்த இடத்தை விட்டு விலகி வந்தால்தான். அவர்களுக்குச் சோறு ஆக்கிய கையோடு வந்து அம்மா படத்துக்கு முன்னால் மண்டியிட வேண்டாம்.

மா கிசொக்

*

சாங்னே
2007 ஜனவரி 5

அக்கா,

கேள்வி ஒன்றுதான். வேறு எதற்கும் இந்தக் கடிதம் இல்லை.

கிளப் செத்து வருடம் திரும்புகிறது. மைதானத்து வாசலில் முறையாகத் திவசம் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். படையல் மேசை போடுவதில் பெரிய சண்டை. ஆளுக்கொரு முறை சொல்கிறான். கணினியில் தேடினால் அது பத்து முறை சொல்கிறது. நம் வீட்டு வழக்கப்படிதான் நடக்கும் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நம் வீட்டு வழக்கம் என்னவென்று யோசித்தேன்.

மீனின் தலை கிழக்கா, மேற்கா?

கிசொக்

*

சொங்போ
2007 ஜனவரி 10

தம்பி,

தலை கிழக்கே, வால் மேற்கே. மீன் கிழக்குப் பக்கம், இறைச்சி மேற்குப் பக்கம். சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே. படையலில் பூண்டும் மிளகாயும் கூடாது, ஆவி அண்டாது. பக்கத்து வீட்டுத் திவசத்தில் போய்ப் பேரிக்காயை இங்கே வை, இலந்தையை அங்கே வை என்று நாட்டாமை செய்யக் கூடாது என்பார்கள். நீயாகக் கேட்டதால் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. நீ திவசம் கொடுக்கிற அந்த ஆவி இன்று காலையில் என்னிடம் இரண்டு கிண்ணம் சோறு வாங்கிச் சாப்பிட்டது. முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று என்னோடு சண்டைக்கு வந்தது. அதன் பெயர் பியோங்ஹூ, இடது பின்களத்தில் ஆடுகிறான். அவனைப் படத்துக்குள் வைத்துக் கறுப்பு நாடா கட்டுகிறாயா நீ? கட்டு. எனக்கு ஒரு தட்டாவது மிச்சமாகும்.

கோபித்துக்கொள்ளாதே, கேலிக்குச் சொன்னேன். இங்கே கேலி செய்ய ஆள் இல்லை.

இங்கே மைதானம் பெரிது. உட்கார ஆள் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ரொட்டி கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். இடைவேளையில் ரொட்டி தீர்ந்ததும் பிள்ளைகளும் தீர்ந்துபோகிறார்கள். போன மாதம் ஓர் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு வருடம் சாங்னேயில் ஆட்டம் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. உன் முரசு கேட்க விட்டதில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, தம்பி. பாதியில் எழுந்து வந்து வெங்காயம் உரித்தேன்.

அம்மா திவசத்துக்கு இந்த வருடமாவது?

அக்கா

*

சாங்னே
2010 ஜனவரி 24

அக்கா,

திவசம் நடந்தது. நல்ல பனி. மேசை விரிப்பு காற்றில் பறந்து, ஆப்பிள் எல்லாம் தெருவில் உருண்டது. அந்த வழியாக வந்த போலீஸ்காரர் ஒருவர் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "யாருங்க தவறிப்போனது?" என்று தொப்பியைக் கழற்றினார். "கால்பந்து கிளப்புங்க" என்றேன். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மீன் தலை சரியான பக்கம்தான் இருந்தது. நாலு வருடமாக இதையே கேட்கிறாய், மண்டையில் ஏறாதா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். ஏறாது. உனக்கென்ன, சொல்லிவிட்டுப் போ.

இங்கே இளவட்டங்கள் புதிதாக ஒன்று பேசுகிறார்கள். கம்பெனி வேண்டாம், ஊரே சேர்ந்து ஒரு கிளப் தொடங்கலாமாம். நகர மன்றத்துக்கு மனு கொடுக்கப்போகிறார்களாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெண்டாட்டி ஓடிப்போனால் மறுவாரமே இன்னொருத்தியைக் கட்டு என்கிற மாதிரி இருக்கிறது. "அண்ணே, நாலு வருஷம் ஆச்சு, இது மறுவாரமா?" என்கிறான் ஒருவன். அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

அம்மா திவசத்தை நான் ஒருவனே செய்துகொள்கிறேன். நீ வர வேண்டியதில்லை. பாசிப்பயறு அடை மட்டும் ஒவ்வொரு வருடமும் எனக்குப் பிய்ந்துபோகிறது. அம்மா அதில் என்ன சேர்ப்பாள்?

கிசொக்

*

சொங்போ
2013 மார்ச் 20

தம்பி,

புது விலாசம் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இனி அங்கேயே எழுது. விடுதியைத் துறைமுகத்துப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அறை சின்னது, ஆனால் வெயில் வருகிறது.

உங்கள் ஊர்க் கிளப் முதல் ஆட்டம் ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இரண்டாம் பிரிவாக இருந்தால் என்ன, கூட்டம் நிரம்பி வழிந்தது. சட்டை நிறம்தான் சகிக்கவில்லை. யார் தேர்ந்தெடுத்தது அந்த ஊதாவை? கத்தரிக்காய்த் தோட்டம் எழுந்து ஓடுகிற மாதிரி இருக்கிறது. கேமரா உன் பக்கம் ஒருமுறை திரும்பியது. முடி நரைத்துவிட்டதே உனக்கு. பக்கத்தில் இருந்தவர்களிடம் "அது என் தம்பி" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே மைதானத்து நடைவழியில் கிளப்பின் வரலாறு என்று ஒரு சுவர் முழுக்கப் படம் ஒட்டியிருக்கிறார்கள். 2006இல்தான் தொடங்குகிறது. நம்முடைய 1994 எங்கே, மழையில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பையன்கள் சேற்றில் புரண்டார்களே, அந்தப் படம் எங்கே என்று விளம்பரம் பார்க்கிற பையனிடம் கேட்டேன். "சித்தி, அது இந்த ஊர் ஆளுங்களுக்குத் தெரியாதே. எதுக்குப் பழசைக் கிளறணும்?" என்றான். வளர்ந்த பிள்ளையைக் காட்டி, வந்த அன்றைக்குத்தான் பிறந்தது என்கிற மாதிரி இருக்கிறது.

பாசிப்பயறு அடையைப் பற்றி எத்தனை முறை சொல்வது? பச்சரிசி ஒரு பிடி சேர்த்து அரை. அடுப்பைக் குறை. உனக்குப் பொறுமை இல்லை, அடைக்குப் பொறுமை வேண்டும்.

அக்கா

*

சாங்னே
2015 ஜனவரி 18

அக்கா,

திவசத்தை நிறுத்திவிட்டார்கள்.

ரசிகர் மன்றக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். "நமக்குத்தான் இப்ப உயிரோட ஒரு கிளப் இருக்கே அண்ணே, செத்ததுக்கு இன்னும் எத்தனை வருஷம் படையல் போடறது? புதுசா வர்ற பசங்க பயப்படறாங்க" என்றான் தலைவன். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் சொன்னான். திவசம் தொடரட்டும் என்று நான் மட்டும் கை தூக்கினேன்.

நான் எழுந்து வரலாறு சொன்னேன். கம்பெனியின் காகிதக் கிடங்கில் இருபது கட்டில் போட்டு நாரைகள் தொடங்கியது. முதல் வருடம் கடைசி இடம். கட்டாய ராணுவச் சேவைக்காக ராணுவ அணியில் ஆடப்போன கோல்காரன் சேவை முடிந்து திரும்பிய அன்று ரயில் நிலையத்துக்கு நாங்கள் முரசோடு போனது. 1994இல் கடைசி ஆட்டம், கொட்டுகிற மழை, சேற்றில் நின்றுபோன பந்தைக் காலால் தள்ளிக் கோல் போட்டது. எல்லாம் சொன்னேன். கேட்டார்கள். கை தட்டினார்கள். பிறகு ஒருவன், "அண்ணே, அந்தக் கோப்பை நம்ம கணக்கில் வருமா?" என்று கேட்டான். தலைவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, வராது என்றான். நம் கிளப் 2013இல் பிறந்ததாம்.

அங்கே 2006. இங்கே 2013. அப்படியானால் 1994 யாருடையது? நான் சேற்றில் விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டேனே, நீ சமையல் துணியால் கட்டிவிட்டாயே, அது எந்தக் கிளப்புக்காக?

முரசை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். நன்றாக அடிக்கிறான். எனக்குப் பின்வரிசையில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

உன் பையன்கள் எப்படி இருக்கிறார்கள்? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

தம்பி

*

சொங்போ
2015 பிப்ரவரி 1

தம்பி,

நீ "உன் பையன்கள்" என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

நன்றாக இருக்கிறார்கள். பியோங்ஹூவுக்குப் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாளுக்குக் கடற்பாசி சூப் வைக்கவேண்டும், ஆனால் அன்றைக்கு ஆட்டம். ஆட்டத்தன்று கடற்பாசி சாப்பிட்டால் வழுக்கிவிடும் என்று பயிற்சியாளர் சட்டியையே ஒளித்துவைத்துவிட்டார். அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "சித்தி, எங்க அம்மா இருந்திருந்தா வச்சிருப்பாங்க" என்றான். யாருக்கும் தெரியாமல் ஒரு கிண்ணம் கொடுத்தேன். அன்று நாலு முறை வழுக்கி விழுந்தான். திட்டு எனக்குத்தான்.

கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள், குளிருக்கு நல்லது. இதற்கெல்லாம் மனம் உடையாதே. எனக்கு ஏன் பில்நாம் என்று பெயர் வைத்தார்கள் என்று உனக்குத் தெரியும்தானே? அடுத்தது கட்டாயம் பையன் பிறக்கவேண்டும் என்று வைத்த பெயர். என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அவர்கள் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் அதற்காக உன்னைக் கிள்ளியிருக்கிறேன். இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தேவலை.

1994 யாருடையது என்று கேட்டாய். எனக்குச் சட்டப் புத்தகம் தெரியாது. அந்த ராத்திரி உன் முட்டியில் கட்டிய துணி என்னுடையது. அதுவரை எனக்குத் தெரியும்.

அக்கா

*

சாங்னே
2016 ஏப்ரல் 15

அக்கா,

நீயும் பார்த்திருப்பாய். நாட்டுக் கோப்பைக்கு யாரோடு யார் ஆடுவது என்று குலுக்கல் போட்டார்கள். நாங்களும் அவர்களும். அதுவும் இங்கே, நம் மைதானத்தில், மே பதினொன்று.

ஊரில் யாருக்கும் தூக்கம் இல்லை. பத்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சின்னம் இந்தப் புல்லில் கால் வைக்கப்போகிறது. என்ன செய்வது என்று தினமும் கூட்டம். முட்டை எறியலாம் என்கிறான் ஒருவன். முதுகைக் காட்டி நிற்கலாம் என்கிறான் இன்னொருவன். என்னிடம் கேட்டார்கள். "வந்தவனுக்குத் தண்ணி கொடுக்காம அனுப்பின பழக்கம் நம்ம ஊருக்கு இல்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பெரிய ஆட்டத்துக்கு நீ பஸ்ஸோடு போய்க் காலைக் கஞ்சி வைத்துக் கொடுப்பாய் என்று முன்பு எழுதியிருந்தாய். இந்த முறை பஸ்ஸோடு வா. வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. மைதானத்துக்கு வா என்கிறேன். அவர்கள் பக்கமே உட்கார்ந்துகொள். பார்த்தால் போதும்.

தம்பி

*

சொங்போ
2016 ஏப்ரல் 22

தம்பி,

வர முடியாது. முழங்கால் வலி. அவ்வளவு தூரம் பஸ்ஸில் மடக்கி உட்கார முடியவில்லை. கிளப்பிலும் இந்த முறை சமையல் ஆள் யாரையும் கூட்டிப்போகவில்லை.

நீ போய் நன்றாகக் கத்து. தொண்டைக்கு இஞ்சித் தேன் வைத்துக்கொள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் எனக்கு வருத்தம்தான், அதனால் ஆட்டத்தைப் பார்க்கப்போவதில்லை.

அக்கா

*

சாங்னே
2016 மே 13

அக்கா,

இரண்டுக்கு ஒன்றில் தோற்றோம். அதை விடு.

அவர்கள் பெயரை அறிவித்தபோது முழு மைதானமும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. நானும் திரும்பினேன். ஆனால் கழுத்து நிற்கவில்லை, ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லாம் சின்னப் பிள்ளைகள். நாம் சாவு எடுத்தபோது அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். பத்து வருடமாக நான் இவர்களையா வெறுத்தேன் என்று வெட்கமாகப் போய்விட்டது. உன் கஞ்சி குடித்து வந்த உடம்பு என்று ஒவ்வொருவனாகப் பார்த்தேன்.

ஆட்டம் முடிவதற்குள் எழுந்துவிட்டேன். "அண்ணே, பஸ் நிக்கற பக்கம் எங்கே போறீங்க? கல்லு கில்லு எறியப்போறீங்களா?" என்று பையன்கள் கத்தினார்கள். ஒரு வேலை இருக்கிறது என்றேன்.

பஸ் வாசலில் ஜெர்சியும் பூட்ஸும் பார்க்கிற பெக் அண்ணன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "முரசுக்காரத் தம்பிதானே?" என்றார். நீ வந்திருக்கிறாயா என்று கேட்டேன். முழங்கால் வலி என்று எழுதியிருந்தாலும் நீ வந்து ஒளிந்திருப்பாய் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "சித்தியையா கேக்கறே? விடுதியை மூடி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சே தம்பி. இப்பல்லாம் பசங்க தனித்தனி வீட்டுல இருக்கானுங்க. சாப்பாடு வெளியிலேருந்து டப்பாவுல வருது. சித்திக்கு ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பிட்டாங்க. உன்கிட்ட சொல்லலையா?"

பியோங்ஹூ எங்கே என்று கேட்டேன். அவன் 2011லேயே வேறு கிளப்புக்குப் போய்விட்டானாம். அப்படியானால் போன வருடம் கடற்பாசி சூப் குடித்து நாலு முறை வழுக்கி விழுந்தது யார்?

நீ யாருக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாய் அக்கா? மூன்று வருடமாக நான் எந்த வீட்டுக்கு எழுதுகிறேன்? அந்த இடத்தை விட்டு விலகினால் கதவைத் திறக்கிறேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேனே. விலகிவிட்டாய். ஏன் வரவில்லை?

கிசொக்

*

சொங்போ
2016 மே 19

கிசொக்,

மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்துப் பிரித்திருந்தால் ஏமாந்துபோவாய்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறேன். உப்பில்லாத கஞ்சி, காரமில்லாத கிம்ச்சி. சாப்பிடுகிறவர்களை நான் பார்ப்பதில்லை. தட்டுகள் தள்ளுவண்டியில் மேலே போகின்றன, தள்ளுவண்டியில் திரும்பி வருகின்றன. பாதிச் சோறு அப்படியே இருக்கும். நன்றாக இல்லையா, வயிறு சரியில்லையா, ஆளே போய்விட்டாரா என்று தெரியாது. இங்கே யாரும் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதில்லை. "மூணாம் மேடை" என்பார்கள், நான் நிற்கிற இடம் அது.

ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். விலகினால் வா என்றாய். நான் விலகவில்லையே. பூவைக் கையில் கொடுத்து வெளியே தள்ளினார்கள். அவர்கள் தூக்கி எறிந்த பிறகு உன் வாசலில் வந்து நின்றால் நீ கதவைத் திறந்திருப்பாய், தெரியும். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று சொல்லியிருக்கவும் மாட்டாய். ஆனால் உன் முகத்தில் அது இருந்திருக்கும். அத்தனை பையன்களுக்குச் சோறு போட்ட கையை நான் கழுவிவிட்டு வரவேண்டும் என்றுதானே கேட்டாய்? என்னால் அது முடியாது. அது பிணம் இல்லை, தம்பி. பசியோடு வந்து மேசையில் உட்கார்ந்த பிள்ளைகள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நமக்குள் இருந்தது அந்தச் சண்டை ஒன்றுதான். நான் கிளப்பில் இல்லை என்று தெரிந்தால் நீ எதற்காக எனக்கு எழுதுவாய்? ஜனவரி வந்தால் உன் கடிதம் வரும் என்று தபால்காரர் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருப்பேன். அதற்காகத்தான் பியோங்ஹூவை இங்கேயே வைத்துக்கொண்டேன். அவனுக்குச் சமைப்பதாக எழுதுகிற அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் பசிக்கும்.

இனி உன் இஷ்டம்.

பில்நாம்

*

சாங்னே
2016 மே 24

அக்கா,

மைதானத்தில் நடந்ததைத்தான் போன கடிதத்தில் எழுதினேன். அதற்கு முன்னால் நடந்ததை எழுதவில்லை. கோபத்தில் விட்டுவிட்டேன்.

ஆட்டம் முடிவதற்குள் நான் எழுந்து போனது உன்னை எட்டிப் பார்ப்பதற்காக இல்லை. உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போக. காலையிலேயே மாடி அறையைக் கூட்டி, உன் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டுத்தான் மைதானத்துக்கு வந்தேன். சலவைக்கடைக்காரன் வீட்டில் ஒரு பெண்பிள்ளைப் படுக்கையுறை வெளுத்துக் காய்வதைப் பார்த்துத் தெருவில் கேலிகூடச் செய்தார்கள். அப்போது நீ விலகியது எனக்குத் தெரியாது. அவர்களுடைய பஸ்ஸில், அவர்களுடைய சித்தியாக, அவர்களுக்குக் கஞ்சி வைத்த கையோடு நீ இறங்குவாய் என்றுதான் நினைத்தேன். அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகத்தான் வாசலில் நின்றேன். எங்கள் பையன்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் நின்றேன்.

பஸ் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நீ பஸ் ஏறிய அன்றைக்கு நான் ஷட்டரை இழுக்காமல் இருந்திருக்கலாம்.

ஜூன் ஒன்பது அம்மாவின் திவசம். இரண்டு நாள் முன்பே வந்துவிடு. அடை நான் சுட மாட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன். ஏழாம் தேதி மதியத்திலிருந்து பஸ் நிலையத்தில் இருப்பேன்.

தம்பி